வசம்பு தேச்சா பேச்சு வருமா? – மழலை கேள்வி பதில்

போன இதழ்ல குழந்தைங்க பேச ஆரம்பிக்கிறத பத்தி ஒரு பக்கம் எழுதுனேன், அதுக்கு வந்து குவிஞ்ச மெயிலயும் லெட்டரையும் பாத்து ஆசிரியர் 'இந்த வாரம் முழுக்க நீங்களே பதில் சொல்லிடுங்க'ன்னு கைல குடுத்துட்டாரு. பாதிப் பேர் 'டாக்டர்'னு ஆரம்பிச்சிருக்கீங்க. நான் டாக்டர் இல்லீங்க, ஸ்பீச் தெரபிஸ்ட். அக்கான்னே கூப்பிடுங்க. யார் பேரும் போடல, ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

"அக்கா, பையனுக்கு 1 வயசு 10 மாசம். 'அம்மா', 'தா', மாட்டப் பாத்தா 'ம்பே', அவ்ளோதான் சொல்றான். மாமியார் தினமும் வசம்ப சுட்டு தேன்ல ஒரசி நாக்குல தேய்க்கிறாங்க. 'அவங்கப்பனும் 3 வயசுலதான் வாயத் தொறந்தான், ஆம்பளப் புள்ள லேட்டாதான் பேசும்'னு சொல்றாங்க. கூப்பிட்டா சில நேரம் திரும்புறான், சில நேரம் திரும்ப மாட்டேங்குறான். வீட்டுக்காரரு என் சொந்த மாமா பையன்தான். பயப்படணுமா?" – கோபிசெட்டிபாளையம்

முதல்ல ஒரு நல்ல விஷயம். 'ம்பே'வும் ஒரு வார்த்தைதாம்மா. மாட்டப் பாக்குறப்ப எல்லாம் அதே சத்தத்த அதே அர்த்தத்துல சொன்னான்னா எங்க கணக்குல அது வார்த்தைதான், சுத்தமா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஆனா அதையும் சேத்தே மூணுதான் வருது. 2 வயசு முடியுறப்போ சுமாரா 50 வார்த்தை இருக்கணும், 'அம்மா வா', 'பால் வேணாம்'னு ரெண்ட ஒட்டவும் ஆரம்பிச்சிருக்கணும். இன்னும் ரெண்டு மாசத்துல 47 வார்த்தை ஓடி வந்துரும்னு நான் சொன்னா அது உங்கள ஏமாத்துறது.

நாக்க விடுங்க. நீங்க எழுதுனதுல நான் நின்ன எடம் 'சில நேரம் திரும்புறான், சில நேரம் திரும்ப மாட்டேங்குறான்'. இத வீட்டுல எல்லாரும் 'விளையாட்டுப் புத்தி', 'காதுல வாங்க மாட்டான், அவ்ளோ திமிரு'ன்னு சிரிச்சிட்டு விட்டுருவாங்க. கதவு படார்னு அடிச்சா திரும்புவான், மிக்ஸி ஓடுனா ஓடி வருவான், பட்டாசுக்கு அழுவான், அதனால காது நல்லா கேக்குதுன்னு நம்ம முடிவு பண்ணிடுறோம். அப்படி இல்ல. பேச்சுல அ, ஓ, ம எல்லாம் கனமான சத்தம், ச, ஸ, ஃப மாதிரி ஒலியெல்லாம் மெல்லிசா மேல் சுருதில இருக்கும். மேல் சுருதி மட்டும் கேக்காத குழந்தைக்கு நீங்க பேசுறது பக்கத்து வீட்டு டிவி செவுத்த தாண்டி வர்ற மாதிரிதான் கேக்கும், யாரோ பேசுறாங்கன்னு தெரியும், என்னன்னு புரியாது.

என்கிட்ட ஒரு பையன் வந்தான், மூணரை வயசு, 'சொன்ன பேச்சு கேக்க மாட்டான், ரொம்ப அடம்'னு கூட்டிட்டு வந்தாங்க, எனக்கு என்னவோ அடம் மாதிரி தெரியல, முதல்ல காது டெஸ்ட்டு எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புனேன், ரெண்டு காதுலயும் குறை இருந்துச்சு. மெஷின் மாட்டுன அன்னிக்கு அவங்க அம்மா பின்னாடி ஒக்காந்து பையிலேர்ந்து முறுக்கு பாக்கெட்ட எடுத்தாங்க, அந்த கவர் சரசரன்னுச்சு பாருங்க, பையன் டக்குனு திரும்பி கவரப் பாத்தான், அம்மா மொகத்தப் பாத்தான், மறுபடி கவரப் பாத்தான். அது வரைக்கும் அவனுக்கு முறுக்கு கவர் சத்தமே போடாத பொருள். அவங்க அம்மா அழுத அழுகைல எனக்கு அன்னிக்கு அடுத்த அப்பாயின்மென்ட் பாக்க முடியல.

அதனால நீங்க செய்ய வேண்டியது காது டெஸ்ட்டு, அதுவும் இந்த மாசமே. ஓஏஈன்னு ஒண்ணு, காதுல சின்ன முனைய வெச்சு சில நிமிஷத்துல எடுத்துருவாங்க. பெரான்னு இன்னொண்ணு, குழந்தைய தூங்க வெச்சு தலைல ஒயர் ஒட்டி எடுப்பாங்க, வலி கிடையாது. பிரைவேட்ல காசு ஆகும்னு தள்ளிப்போடாதீங்க, மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகள்ல டிஇஐசின்னு ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கு, 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேன்னு மத்திய அரசோட குழந்தைங்க சுகாதாரத் திட்டத்துல வந்தது, அங்க போய்க் கேளுங்க. சொந்தத்துல கல்யாணம்னு எழுதிருக்கீங்க, அத மறைக்காம சொன்னதுக்கு நன்றி, ஏன்னா நெருங்குன சொந்தத்துல பொறக்குற குழந்தைங்களுக்கு பிறவிலயே காது கேக்காம போற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதுக்காக உங்க பையனுக்கும் அப்படித்தான்னு அர்த்தம் இல்ல, பாத்துத் தெரிஞ்சுக்கணும்னு அர்த்தம். ஒருவேளை குறை பெருசா இருந்தாலும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துலயே சின்னக் குழந்தைங்களுக்குப் பண்றாங்க, ஆனா எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ பலன். நியாயமாப் பாத்தா பொறந்த 1 மாசத்துக்குள்ள முதல் டெஸ்ட்டு, சந்தேகம்னா 3 மாசத்துக்குள்ள உறுதி, 6 மாசத்துக்குள்ள சிகிச்சைன்னு கணக்கு. பிரசவம் ஆகி வீட்டுக்குக் கெளம்புறப்போ 'காது டெஸ்ட்டு எடுத்தாச்சா'ன்னு நம்மள்ல யாரு கேக்குறோம், எடை எவ்ளோன்னுதான் கேக்குறோம்.

காது சரியா இருந்துச்சுன்னா அடுத்து ரெண்டு விஷயம் பாருங்க. கையக் காட்டாம, கண்ணால ஜாடை பண்ணாம 'செருப்ப எடுத்துட்டு வா'ன்னு சொல்லுங்க, எடுத்துட்டு வர்றானா. ரெண்டாவது, காக்காவோ ஏரோப்ளேனோ பாத்தா வெரல நீட்டிக் காட்டிட்டு, நீங்களும் பாக்குறீங்களான்னு உங்க மொகத்த திரும்பிப் பாக்குறானா. வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே அந்த வெரல் வந்துரும், பொதுவா 1 வயசு வாக்குல. இது ரெண்டும் இருந்தா எனக்கு பாதி நிம்மதி. இல்லன்னா காது டெஸ்ட்டு முடிஞ்ச கையோட ஸ்பீச் தெரபிஸ்ட்டப் பாருங்க.

மாமியார் விஷயம். ஆம்பளப் புள்ளைங்க கொஞ்சம் பின்னாடிங்கறது உண்மைதான், ஆனா அது சராசரியா ஒண்ணு ரெண்டு மாச வித்தியாசம், ஒரு வருஷக் கணக்கு இல்ல. வசம்புக்கு பிள்ளை வளர்ப்பான்னு பேரு, ராத்திரில பேரச் சொல்லக் கூடாதுன்னு 'பேர் சொல்லாதது'ன்னும் சொல்லுவாங்க, பேரையே சொல்லக் கூடாத மருந்தக் குடுத்து பேச வைக்கப் பாக்குறோம்னு நான் வீட்டுல சிரிக்கிறது உண்டு. அதுல பீட்டா அசரோன்னு ஒரு பொருள் இருக்கு, தினமும் நாக்குல போற அளவுக்கு அது நல்லதில்ல. தேன் 1 வயசுக்குக் கீழ குடுக்கவே கூடாது, பொட்டுலிசம்னு உயிருக்கே ஆபத்தான ஒண்ணு வரும், உங்க பையன் தாண்டிட்டான், படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன். மாமியார்கிட்ட சண்டை போடாதீங்க, 'அத்தே, வசம்ப கையில வளையல் மாதிரி கட்டி விடுங்க, நாக்குல வேணாம்'னு சொல்லுங்க, அவங்களுக்கும் மனசு சமாதானம் ஆகும். அந்த வளையலயும் அவன் கடிக்காம பாத்துக்கங்க.

"மேடம், பொண்ணுக்கு ரெண்டரை வயசு. நாங்க ரெண்டு பேரும் ஐடி. ஏ பி சி டி முழுசா சொல்லுவா, கலர் எல்லாம் இங்கிலீஷ்ல சொல்லுவா, ரைம்ஸ் 20க்கு மேல மனப்பாடம், எல்லாம் போன்ல பாத்துக் கத்துக்கிட்டதுதான். ஆனா தண்ணி வேணும்னா கேக்க மாட்டா, என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் கேன் மேல வைப்பா. ப்ளே ஸ்கூல்ல 'ஷீ டஸ் நாட் இன்டராக்ட்'ங்கறாங்க. இவ்ளோ தெரிஞ்ச பொண்ணுக்கு என்ன குறைன்னு புரியல." – சோழிங்கநல்லூர்

இந்த மாதிரி மெயில் மட்டும் ஒன்பது வந்திருக்கு, எல்லாமே ஐடி வீடுன்னு நெனைக்காதீங்க, ஒண்ணு தேனிலேர்ந்து, டீக்கடை வெச்சிருக்கறவரு.

பொண்ணுக்கு வார்த்தை தெரியும், பேசத் தெரியல. ரெண்டும் வேற வேற. 'ரெட்'னு சொல்றது ஒப்பிக்கிறது, 'தண்ணி'ன்னு உங்களப் பாத்துக் கேக்குறதுதான் பேச்சு, ஏன்னா அதுல எதிர்ல ஒரு ஆள் வேணும். 2003ல அமெரிக்காவுல சியாட்டில்ல பேட்ரிஷியா குல்னு ஒரு விஞ்ஞானி ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. இங்கிலீஷ் பேசுற வீட்டு 9 மாசக் குழந்தைங்க முன்னாடி ஒரு சீனாக்காரங்க ஒக்காந்து பொம்மையும் புத்தகமும் வெச்சு சீன மொழில 12 தடவ வெளையாடுனாங்க. அந்தக் குழந்தைங்க, இங்கிலீஷ்ல இல்லாத சீன ஒலிகளப் பிரிச்சுக் கேக்கக் கத்துக்கிச்சு. அதே ஆளுங்க, அதே பேச்சு, ஆனா டிவிடில போட்டுக் காட்டுன குழந்தைங்களுக்கு ஒண்ணுமே ஏறல, சுத்தமா ஒண்ணும் இல்ல. போன் நம்ம குழந்தைய பாக்காதுல்ல, அது சிரிச்சா சிரிக்காது, அது திரும்புனா நிறுத்தாது, அது பாட்டுக்கு ஓடும். பேச்சுங்கறது எறகுப்பந்து மாதிரி, அந்தப் பக்கம் ஆள் இல்லன்னா பந்து கீழதான் விழும்.

பெரியவங்க போனையும் சேத்துதான் சொல்றேன். 1970கள்ல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒருத்தர் ஒரு சோதனை செஞ்சாரு, அம்மா குழந்தைகிட்ட கொஞ்சிட்டே இருந்து திடீர்னு மொகத்த கல்லு மாதிரி வெச்சுக்கணும், ஒரு ரெண்டு மூணு நிமிஷம்தான். குழந்தை சிரிச்சுப் பாக்கும், கையாட்டிப் பாக்கும், சத்தம் குடுத்துப் பாக்கும், அப்புறம் மொகத்தத் திருப்பிக்கும். இத படிச்ச அன்னிக்கு சாயங்காலம் என் பையன் எதோ சொல்ல வந்தப்போ நான் போனப் பாத்து 'ம்ம், ம்ம்'னு சொல்லிட்டு இருந்தேன், ஞாபகம் வந்து தூக்கிவாரிப் போட்டுச்சு.

சரி, என்ன பண்றது. போன இன்னிக்கே எடுங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன்னு போனா குறையாது, நாலஞ்சு நாள் ஊரே கேக்குற மாதிரி அழுவா, தாங்கணும். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்கே 2 வயசுக்குக் கீழ ஸ்கிரீன் வேணாம், 2லேர்ந்து 4 வரைக்கும் அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் கம்மியா இருந்தா நல்லதுன்னுதான். கையப் புடிச்சு கேன் மேல வெச்சா உடனே தண்ணி புடிச்சுக் குடுத்துடாதீங்க. அவ உயரத்துக்குக் குனிங்க, டம்ளர உங்க மொகத்துக்குப் பக்கத்துல புடிங்க, 'தண்ணி'ன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அந்தப் பத்துதான் கஷ்டம், நம்மாளுங்களுக்கு மூணுக்கு மேல எண்ண முடியாது, 'சொல்லு, சொல்லும்மா, தண்ணி சொல்லு'ன்னு ஆரம்பிச்சிடுவோம். ஒரு பார்வை, ஒரு 'த', ஏதாவது வந்தா போதும், குடுத்துருங்க.

இதோட நிறுத்தாதீங்க. ஆளோட கைய ஒரு கருவி மாதிரி புடிச்சு இழுக்கறது, சேந்து வெளையாடாம இருக்கறது, ஒப்பிக்கிறது நெறைய கேக்குறது கம்மின்னு இருக்கறது, இது மூணும் சேந்து வர்றப்போ ஆட்டிசம் இருக்கான்னு ஒரு தடவ பாத்துடணும். லெட்டர வெச்சு நான் சொல்ல முடியாது, யாரும் சொல்லக் கூடாது. குழந்தைகள் வளர்ச்சி நிபுணர் ஒருத்தரப் பாருங்க, உங்களுக்குப் பக்கத்துலயே முட்டுக்காட்டுல மத்திய அரசோட மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கு. காது டெஸ்ட்டும் எடுத்துருங்க, 'ரைம்ஸ் பாடுறாளே'ன்னு விட வேணாம். எந்த தெரபிஸ்ட்கிட்ட போனாலும் ஆர்சிஐ நம்பர், அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ண நம்பர் கேளுங்க, கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க, ஆறு மாச ஆன்லைன் கோர்ஸ் முடிச்சிட்டு போர்டு மாட்டுறவங்க இருக்காங்க.

"அக்கா, நாங்க பெங்களூர்ல இருக்கோம். வீட்டுல தமிழ், பாத்துக்கற அக்கா கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ். பையனுக்கு 3 வயசு, 'அம்மா, நீரு குடு, ஐ வான்ட்'னு எல்லாத்தையும் கலக்குறான். மிஸ் 'வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழந்தை குழம்புது'ங்கறாங்க. எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, வீடியோ கால்ல பேரன்கிட்ட என்ன பேசுறதுன்னு கேக்குறாங்க." – பெங்களூரு

மிஸ் சொன்னது தப்பு. மரியாதையா சொல்லிருங்க, ஆனா கேக்காதீங்க.

'அம்மா, நீரு குடு, ஐ வான்ட்' – இதுல குழப்பம் எங்க இருக்கு? கூப்பிடுறான், என்ன வேணும்ங்கறான், குடுங்கறான், தண்ணி வந்துச்சா இல்லையா. நம்ம பெரியவங்க 'மீட்டிங் முடிச்சிட்டு கால் பண்றேன்'ங்கறோமே அப்ப நம்மள யாரு குழப்பம்னு சொன்னா. ரெண்டு மூணு மொழி கேக்குறதால பேச்சு தாமதம் ஆகாது. ஒரு மொழில மட்டும் எண்ணுனா வார்த்தை கம்மியாத் தெரியும், மூணையும் சேத்து எண்ணுங்க. நீங்க உங்களுக்கே சரளமா வராத இங்கிலீஷ்ல வீட்டுல பேச ஆரம்பிச்சா 'கம்', 'ஈட்', 'டோன்ட்'னு நாலு வார்த்தைல வாழ்க்கை ஓடும், கதை போயிரும், கொஞ்சல் போயிரும், திட்டு கூட நல்லா வராது.

இன்னொரு விஷயம், காது ரொம்ப சீக்கிரம் பழகிரும். 1984ல ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ்னு ரெண்டு பேர் கனடாவுல பாத்தாங்க, ஹிந்தில த, ட மாதிரி ரெண்டு ஒலி, நுனி நாக்கு பல்லத் தொடுறதும் நாக்க மடிச்சு மேல தொடுறதும். இங்கிலீஷ்காரங்க வீட்டு 6 மாசக் குழந்தைக்கு இந்த வித்தியாசம் கேக்குது, அதே குழந்தைங்க 1 வயசு நெருங்குறப்போ கேக்கல, வீட்டுல யாரும் அப்படிப் பேசாததால. நம்ம ஊர்ல 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் வித்தியாசம் யாரும் சொல்லித் தர்றதில்ல, கேட்டே வருது. உங்க பையனுக்கு மூணு மொழியோட ஒலியும் சும்மா கெடைக்குது, அத ஏன் வெட்டணும்?

பாட்டி வீடியோ கால் நல்லது, ஸ்கிரீன்தானேன்னு பயப்பட வேணாம். அதுல பாட்டி பதில் சொல்றாங்கல்ல. 2014ல வந்த ஒரு ஆய்வுல ரெண்டு, ரெண்டரை வயசுக் குழந்தைங்க நேரடி வீடியோ கால்ல புது வார்த்தைய கத்துக்கிச்சு, ரெக்கார்டு பண்ணதப் போட்டப்போ கத்துக்கல. அம்மாகிட்ட சொல்லுங்க, 'சாப்டியா, என்ன சாப்ட'ன்னு பரீட்சை வைக்காம, அவங்க வாசல்ல கோழி மேயுறதக் காட்டச் சொல்லுங்க, அவனே கேப்பான்.

"நான் 71 வயசு தாத்தா. பேத்திக்கு 8 மாசம். 'ங்கா குடிக்கிறியா, மம்மம் வேணுமா, ஜோஜோ போலாமா'ன்னு கொஞ்சுனா மக 'அப்பா, சரியான தமிழ்ல பேசுங்க, இல்லன்னா அவளும் அப்படித்தான் பேசுவா'ன்னு அதட்டுறா. நான் வாயை மூடிக்கணுமா?" – தஞ்சாவூர்

ஐயா, மூடாதீங்க! ங்கா, மம்மம், உவ்வா, டாட்டா, இதெல்லாம் பாத்தீங்கன்னா குழந்தை வாயில முதல்ல வர்ற ஒலிங்கதான், மம்மம், ஜோஜோ மாதிரி நெறைய வார்த்தை ரெண்டு தடவ திருப்பிச் சொல்ற மாதிரி அமைஞ்சிருக்கும். இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்ல, சார்லஸ் ஃபெர்கூசன்னு ஒருத்தர் 1964லயே மராத்தி, அரபி, ஸ்பானிஷ்னு ஆறு மொழில குழந்தைப் பேச்ச வெச்சு எழுதிருக்காரு, எல்லாத்துலயும் இதே மாதிரிதான். குரல ஒசத்தி, இழுத்து, பாட்டு மாதிரி பேசுறப்போ குழந்தை அதத்தான் உத்துக் கேக்கும். யாரும் மம்மம்லயே நின்னு கல்யாணப் பந்தில மம்மம் கேட்டதில்ல.

மக சொல்றதுல ஒரு துளி நியாயம் இருக்கு. பேத்தி கொஞ்சம் வளந்து காக்காவ 'தாக்கா'ன்னு சொல்றப்போ நீங்களும் 'தாக்கா'ன்னு சொல்லாம 'ஆமா, காக்கா'ன்னு சொல்லுங்க. திருத்த வேணாம், சும்மா சரியா சொல்லிட்டுப் போங்க.

அப்புறம் உள்ளங்கைல பருப்பு கடைஞ்சு, எல்லாருக்கும் பங்கு வெச்சு, நண்டு ஊருதுன்னு வெரல மேல ஏத்திட்டுப் போவோமே, அத தினமும் வெளையாடுங்க. முழங்கை தாண்டி அக்குள் வர்றதுக்கு முன்னாடி ஒரு நொடி வெரல நிறுத்துங்க. நிறுத்திட்டு அவ மொகத்தப் பாருங்க. கழுத்த இடுக்குவா, மூச்சப் புடிப்பா, உங்க கண்ணப் பாத்து 'ஈ'ன்னுவா. அந்த 'ஈ'தான் அவளோட பேச்சு ஐயா, இப்ப உங்க முறைன்னு சொல்றா. நான் சென்டர்ல காசு வாங்கிட்டு சொல்லித் தர்றதும் இதேதான்.

"பொண்ணுக்கு மூணரை வயசு, நல்லா பேசிட்டு இருந்தவ ஒரு மாசமா 'நா நா நா நாளைக்கு'ன்னு திக்குறா. யாரையாவது பாத்துப் பழகிட்டாளா? அடிச்சா நிக்குமா?" – திருநெல்வேலி

அடிக்காதீங்க அண்ணாச்சி. திக்குவாய் பாத்து ஒட்டிக்கிற நோய் இல்ல, அடிச்சா கூடத்தான் ஆகும். ரெண்டுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள சொல்ல வேண்டியது நெறைய, வாய் அந்த வேகத்துக்கு ஈடு குடுக்காது, அதனால இப்படி வரும், பெரும்பாலான குழந்தைங்களுக்கு தானாப் போயிரும். 'மெதுவா பேசு', 'மூச்ச இழுத்துட்டு சொல்லு', இதெல்லாம் சொல்ல வேணாம், அவ முடிக்க வேண்டிய வார்த்தைய நீங்க முடிக்கவும் வேணாம். நீங்க மெதுவா பேசுங்க, அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் கண்ணப் பாத்துட்டு இருங்க. வீட்டுல வேற யாருக்காவது திக்கல் இருந்தா, ஆறு மாசம் தாண்டியும் போகலன்னா, இல்ல பேசுறப்போ கண்ண இறுக்கறது, கழுத்து நரம்பு புடைக்கிறதுன்னு ஏதாவது வந்தா காத்திருக்காம தெரபிஸ்ட்டப் பாருங்க.

"பையனுக்கு 4 வயசு. வாழைப்பழத்த 'வாயப்பயம்'ங்கறான். அவங்கப்பா ரொம்ப கவலைப்படுறாரு. ட்ரெய்னிங் வேணுமா?" – மதுரை

வேணாம். ர, ற, ழ எல்லாம் கடைசில வர்ற எழுத்துங்க, ஆறு வயசு வரைக்கும் கூட எடுத்துக்கும். மத்தவங்களுக்கு அவன் பேசுறது புரியுதான்னு மட்டும் பாருங்க, 4 வயசுல வெளியாளுக்கும் கிட்டத்தட்ட எல்லாமே புரியணும். புரியுதுன்னா விட்டுருங்க. அவங்கப்பாவ ஒரு தடவ 'கிழவி வாழைப்பழத்த வழில நழுவ விட்டா'ன்னு வேகமா சொல்லச் சொல்லி, என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.